ஒரு வருஷம் மட்டும் பொறுத்துக்கோ



இந்த மாதப் பாடத்துக்கு ஒரு நாவலை எடுத்துக்கொண்டேன். கதை நடப்பது அமெரிக்காவில், நியூயார்க் நகரத்தில். கூட்டத்தில் ஒருத்தர் வாசிக்க மற்றவங்க கேளுங்க.

நாவலின் பெயர் 'தி டெவில் வேர்ஸ் பிராடா'. பிராடா என்பது இத்தாலி நாட்டுக் கம்பெனி. அவங்க கைப்பையும் செருப்பும் பெரிய பணக்காரங்கதான் வாங்க முடியும். அந்த பிராடாவைப் போட்டுக்கிட்டு வர்ற பிசாசு என்று தலைப்புக்கு அர்த்தம். எழுதியவர் லாரன் வைஸ்பெர்கர். கல்லூரி முடித்த பிறகு 'வோக்' என்ற பிரபலமான ஃபேஷன் பத்திரிகையில், ஆசிரியர் அன்னா வின்டூருக்கு உதவியாளராக இருந்தவர். 2003ல் புத்தகம் வந்ததும் அந்த ஆசிரியரைத்தான் எழுதிட்டார்னு ஊரெல்லாம் பேச்சு. இது கற்பனைக் கதை என்றார் இவர். 2006ல் சினிமாவாகவும் வந்தது.

கதையில் வரும் பெண் ஆண்ட்ரியா. படித்து முடித்தவள். 'நியூயார்க்கர்' என்ற நல்ல பத்திரிகையில் எழுத வேண்டும் என்பது அவள் ஆசை. கிடைத்ததோ 'ரன்வே' என்ற ஃபேஷன் பத்திரிகையில் ஆசிரியர் மிரண்டா பிரீஸ்ட்லிக்கு உதவியாளர் வேலை. அங்கே எல்லாரும் அவளிடம் சொல்வது ஒண்ணுதான்: இந்த வேலைக்காக லட்சக்கணக்கான பெண்கள் உயிரையே கொடுப்பாங்க, நீ அதிர்ஷ்டக்காரி. ஒரு வருஷம் பொறுத்துக்கிட்டா, மிரண்டா ஒரு வார்த்தை சொன்னால் போதும், எந்தப் பத்திரிகையிலும் வேலை கிடைக்கும்.

அது என்ன வேலை? பத்திரிகையில் ஒரு வரி எழுதும் வேலை இல்லை. பட்டறையிலிருந்து அம்மாவோட காரை எடுத்து வரணும். நாய்க்குட்டியை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிட்டு வரணும். சூடு ஆறாமல் காபி வாங்கி வரணும், ஆறினால் திரும்ப ஓடணும். மிரண்டா எங்கேயோ ஒரு கடையில் பழைய அலமாரி ஒன்றைப் பார்த்தாராம். எந்தக் கடை என்று சொல்ல மாட்டார், இவள் நாள் கணக்கில் தெருத் தெருவாகத் தேடுகிறாள். கடைசியில் பார்த்தால் அந்தக் கடையின் விலாச அட்டை மிரண்டாவிடமே இருந்திருக்கு! ஹாரி பாட்டர் கதைப் புத்தகம் கடைக்கு வருவதற்கு முன்னாலேயே மிரண்டாவின் இரட்டைப் பெண்களுக்கு வேணும். அதையும் இவள் எப்படியோ பிடித்து பாரீஸுக்கு விமானத்தில் அனுப்புகிறாள்.

எனக்குப் பிடித்த இடம் ஒன்று சொல்றேன். காபி வாங்கப் போகும்போது கம்பெனிக் கணக்கில் கூடவே சில காபி வாங்கி, தெருவில் வீடில்லாமல் கிடப்பவங்களுக்குக் கொடுப்பாள். சரியா தப்பா என்று கேட்டால் கணக்குப் புத்தகம் எழுதுகிற நாம தப்புன்னுதான் சொல்லணும். ஆனா வாய் திறந்து பேச முடியாதவள் இப்படித்தான் கோபத்தைக் காட்டுவாள் என்று எனக்குத் தோன்றியது.

இப்போ முக்கியமான பகுதிக்கு வர்றேன். ராத்திரி, ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு நேரம் என்று பார்க்காமல் செல்போன் அடிக்கும். காதலன் அலெக்ஸ் பள்ளி ஆசிரியர், அவனோடு உட்கார்ந்து பேச நேரமில்லை. சின்ன வயசிலிருந்து கூட இருக்கும் தோழி லில்லி குடிப்பழக்கத்தில் விழுகிறாள், அதைக் கவனிக்கவும் நேரமில்லை. யாரும் ஒரே நாளில் அவளிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை. இன்னிக்கு ஒருநாள்தானே, இந்த ஒரு வேலைதானே என்று அவளே கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கொடுத்தாள்.

பாரீஸ் நகரில் ஃபேஷன் விழா நடக்கிறது. கூடப் போக வேண்டிய மூத்த உதவியாளர் எமிலிக்குக் காய்ச்சல், அதனால் ஆண்ட்ரியா போகிறாள். அங்கே இருக்கும்போது செய்தி வருகிறது: லில்லிக்குக் கார் விபத்து, நினைவில்லாமல் கிடக்கிறாள். உடனே கிளம்பி வா என்கிறாங்க. ஆண்ட்ரியா என்ன செய்தாள் தெரியுமா? வர முடியாது, வேலை போயிடும் என்று சொல்லிவிட்டாள். இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மிரண்டா மேல் வராத கோபம் இவள் மேல் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் மிரண்டா அவளைப் பாராட்டுகிறார். உன் வயசில் நான் எப்படி இருந்தேனோ அப்படியே நீ இருக்கே என்கிறார். இத்தனை மாசம் எந்தப் பாராட்டுக்கு ஏங்கினாளோ அது கிடைத்தபோது அவளுக்குப் பயம்தான் வருகிறது. அதற்குப் பிறகு இன்னொரு நடக்காத வேலை: காலாவதியான பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை உடனே புதுப்பிக்கணுமாம், பாரீஸிலிருந்து! எல்லார் முன்னாலும் மிரண்டாவைத் திட்டிவிட்டு ஊருக்குக் கிளம்புகிறாள். வேலை போகிறது, சிபாரிசும் போகிறது. லில்லி பிழைத்துவிடுகிறாள். ஆனா அலெக்ஸோடு பழையபடி சேர முடியவில்லை. ஆண்ட்ரியா ஒரு சிறுகதை எழுதுகிறாள், அது வேறு பத்திரிகையில் விலைக்குப் போகிறது.

மிரண்டாவைப் பற்றியும் சொல்லணும். அவர் பிறந்தது லண்டனில் ஏழைக் குடும்பத்தில். சொந்தப் பெயரையே மாற்றிக்கொண்டு, தனியாக முன்னேறியவர். பத்திரிகைத் தொழிலில் அவருக்கு நிகர் இல்லை. சினிமாவில் ஆண்ட்ரியா ஒரு இடத்தில், மிரண்டா ஆணாக இருந்தால் திறமையை மட்டும்தான் பேசியிருப்பாங்க என்று சொல்வாள். அது உண்மைதான். கண்டிப்பான ஆண் அதிகாரியைப் பிசாசு என்று யாரும் சொல்வதில்லை. ஆனா கஷ்டப்பட்டு மேலே வந்த பெண்ணே கீழே நிற்கும் பெண்ணைப் பெயர் சொல்லிக்கூட சரியாகக் கூப்பிடவில்லை என்றால்? எமிலியின் வேலைக்கு வந்தவளையும் 'எமிலி' என்றே கூப்பிடுவார் மிரண்டா. எனக்கு இன்னமும் முடிவாகத் தெரியவில்லை, நீங்க பேசிப் பாருங்க.

கூட்டத்தில் பேச:

லில்லிக்கு விபத்து என்று தெரிந்ததும் ஆண்ட்ரியா கிளம்பாமல் இருந்தது சரியா? வீட்டில் சம்பளத்தை நம்பிப் பத்துப் பேர் இருந்தால் உங்க பதில் மாறுமா?

முதல் மாதத்திலேயே அவள் எதற்கு 'முடியாது' என்று சொல்லியிருக்கலாம்? யாரிடம், எப்படிச் சொல்லியிருப்பாள்?

மிரண்டா நம் குழுவில் ஊக்குநராக இருந்தால் எந்த வேலையை அவரிடம் கொடுப்பீங்க, எதைக் கொடுக்க மாட்டீங்க? இதில் சிரிப்பு வரும், பரவாயில்லை.

பேசியதை எழுதத் தெரிந்த ஒருத்தர் தாளில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும் பிரதிநிதி கையில் கொடுத்து அனுப்புங்க.