குதிரையும் உள்ளமும்

அச்சத்தைச் சொல்லால் மறைத்தல் எளிது. மெய்ப்பாட்டால் மறைத்தல் அரிது. அம்மெய்ப்பாட்டை விரைந்து உணரும் விலங்கு குதிரையாகும். புல் மேய்ந்து கூட்டமாய் வாழும் அது, கொடுவிலங்குகட்கு இரையாகாமல் தப்புதற்பொருட்டுச் சிற்றசைவையும் உற்றுநோக்கும் இயல்பு பெற்றது. சினந்த முகத்தையும் மகிழ்ந்த முகத்தையும் ஒளிப்படத்திலேயே அது பிரித்தறிதலை, இங்கிலாந்து நாட்டுச் சசெக்சுப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2016-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சினமுகம் கண்டபோது குதிரைகளின் நெஞ்சத்துடிப்பு விரைந்து மிகுந்ததாம்.

இவ்வியல்பு உளமருத்துவத்திற்கும் துணையாகின்றது. அமெரிக்க நாட்டில் 1999-இல் தோன்றிய ஈகாலா என்னும் அமைப்பின் முறையில் குதிரையேற்றம் இல்லை. உளநல வல்லுநர் ஒருவரும், குதிரையின் இயல்பறிந்தார் ஒருவரும் உடனிருக்க, துயருற்றவர் தரையில் நின்றே குதிரையோடு பழகுவர்.

போர்முனையினின்று மீண்ட வீரர் ஒருவர், "எனக்கு அச்சமில்லை" என்று கூறியவாறு குதிரையை அணுகுகின்றார் என்று கொள்வோம். அவர்தம் தோள்கள் இறுகியுள்ளன, மூச்சு விரைகின்றது. குதிரை விலகிச் செல்கின்றது. "அஃது ஏன் விலகிற்று?" என்று வல்லுநர் வினவுகின்றார். விடை தேடும் வீரர் தம் நெஞ்சையே நோக்கத் தொடங்குகின்றார். அவர் மூச்சுத் தணியுங்கால் குதிரை மீண்டு அருகணைதலும் உண்டு.

குதிரை அறிவுரை கூறுவதில்லை, பழிப்பதுமில்லை. ஆடிபோல் நிற்கின்றது. மாணவர்களே, "அஞ்சினேன்" என ஒப்புதல் இழுக்கன்று. துயர் தீர்தற்கு அதுவே முதற்படியாகும்.