கண்ணை மூடச் சொல்லாதீர்கள்

கேள்வி: பூலுவபட்டி மறுவாழ்வு முகாமில் வசிக்கும் இலங்கைத் தமிழ்ப் பெண்களுக்கு யோகா சொல்லித்தர ஆசை. எப்படித் தொடங்கலாம்?
– வாசகி, பேரூர்

பதில்: தாராளமாகச் செய்யுங்கள் அம்மா. முதலில் அதிகாரிகளிடம் அனுமதி வாங்குங்கள். இலங்கையின் 1983 கலவரத்துக்குப் பின் கடல் தாண்டி வந்தவர்களும், இங்கேயே பிறந்தவர்களும் முகாம்களில் உண்டு. எல்லோருக்கும் ஒரே பாடம் சரிவராது. அங்கே போரில் ஷெல்லடியைக் கண்டவருக்குக் கண்ணை மூடிப் படுக்கும் சவாசனமே பதற்றம் தரலாம். கண் திறந்தபடி உட்காரட்டும், கதவும் திறந்தே இருக்கட்டும். கேட்காமல் தொட்டுத் திருத்தாதீர்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை மெல்ல நீட்டச் சொல்லுங்கள்; படபடப்பு தணியும். தொடக்கத்துக்கு, ஆழியாறு வேதாத்திரி மகரிஷியின் எளியமுறை உடற்பயிற்சியில் கைப்பயிற்சியே போதும். இந்தியக் குடியுரிமை இல்லாத கவலையை யோகா தீர்க்காது, தூக்கத்துக்கு உதவலாம். அப்படியும் தூங்க முடியாதவரைக் கோவை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு நீங்களே அழைத்துப் போங்கள்.