என்ஜின் வேலைக்குப் பின் மின்கோளாறா? முதலில் எர்த்தைப் பாருங்கள்

என்ஜினை இறக்கி வேலை பார்த்து ஏற்றிய லாரியில் செல்ஃப் இழுக்கவில்லை, மீட்டர் முள் தாறுமாறாக ஆடுகிறது, முகப்பு விளக்கு மங்குகிறது என்றால் உடனே செல்ஃப் மோட்டாரையோ ஆல்டர்னேட்டரையோ மாற்றிவிடாதீர்கள். வேலைக்கு முன் நன்றாக இருந்த பாகங்கள் எல்லாம் ஒரே நாளில் கெட்டுப்போவது அரிது. அவற்றுக்குப் பொதுவாக இருப்பது எர்த். கழற்றிய எர்த் பட்டையைத் திரும்ப மாட்ட மறந்திருக்கலாம். புது பெயின்ட்டின் மேலேயே போல்ட்டை முறுக்கியிருக்கலாம்.

“மீட்டரில் கன்டின்யூட்டி காட்டுகிறதே” என்பார்கள். ஒரே ஒரு செம்பு இழை தொட்டிருந்தாலும் அது காட்டும். செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியரை அந்த இழை தாங்காது. ஆகவே சுமை ஏற்றித்தான் சோதிக்க வேண்டும். வண்டியை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறு முனை என்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்தில். இப்போது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழியைத்தான் சந்தேகிக்க வேண்டும்; பேட்டரி பழசு என்பதால் இந்த அளவு அதிகரிக்காது. பேட்டரி இணைப்பைக் கழற்றி, பட்டை தொடும் இடத்தை உலோகம் பளிச்சிடத் தேய்த்து இறுக்குங்கள். இதை முடிக்காமல் எந்தப் புதுப் பாகத்துக்கும் காசு கொடுக்காதீர்கள்.