பொருநைக் கரைக் காசுகள்

திருநெல்வேலிக்கு எதிரே, பொருநையாற்றின் கீழ்க்கரைப் பக்கம், பாளையங்கால்வாய் பாயும் ஊர் மேலப்பாளையம். நெசவுக்கும் மாட்டுச் சந்தைக்கும் அது பெயர் பெற்றது. சந்தை கூடும் இடத்தில் காசு கைமாறாமல் இராது. இவ்வட்டாரத்தில் எத்தனை அரசர்களின் காசுகள் வழங்கின! பாண்டியர், சோழர், நாயக்கர் ஆகியோர் காசுகளும், 1658-இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் காசுகளும், பின்னர்க் கும்பினியார் காசுகளும் இங்கே புழங்கின.

இவற்றின் அருமையை உணர்ந்தவருள் ஒருவர் லோவெந்தால் என்னும் பாதிரியார். அவர் திருநெல்வேலி நாணயங்களைப் பற்றி மட்டுமே ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதி, 1888-ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஒரு சீமையின் காசுகளுக்கென்றே தனி நூல் தோன்றியது அந்நாளில் புதுமையே.

ஓர் அரசு மறைந்தபின் அதன் செப்புக் காசுக்கு எடைதான் விலை. ஆதலால் பழங்காசுகள் பல கன்னார் உலையில் உருகிக் குடமும் செம்பும் ஆயின. அவற்றோடு அழிந்த செய்திகள் எத்தனையோ! தப்பிப் பிழைத்தவற்றுள் சிலவற்றில் ‘சோணாடு கொண்டான்’ என்னும் தொடர் காணப்படுகின்றது. 1216-இல் முடிசூடிச் சோழநாட்டை வென்ற முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியனுடையவை அவை என்பர். விரல் நுனியளவே உள்ள செம்பில் ஒரு போரின் வெற்றி அடங்கியிருக்கிறது! அக்கால வழக்கப்படி மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இராது. ஆகவே, பழகாதவர் அதனைப் படிக்கத் திகைப்பர்.

சங்ககால வேந்தர் தம் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டனரா என்பது நெடுநாள் ஐயமாகவே இருந்தது. 1980-களில், நாணய ஆராய்ச்சியாளரும் ‘தினமலர்’ ஆசிரியருமான இரா. கிருஷ்ணமூர்த்தி ஒரு செப்புக் காசைத் தூய்மை செய்து ஆராய்ந்தார். ‘பெருவழுதி’ என்னும் பாண்டியன் பெயர் அதில் பண்டைத் தமிழ் எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. ஐயம் நீங்கியது.

தூய்மை செய்வது வல்லார் தொழில். பித்தளைப் பாத்திரம் துலக்குவதுபோலப் புளியிட்டுத் தேய்த்தால் காசு பளபளக்கும். தேய்ந்த எழுத்தோ மீண்டு வாராது. பளபளப்பை விரும்பிப் பெயரை இழந்த காசுகள் பல.

அண்மைக் காலக் காசுகளிலும் விந்தை உண்டு. 1943 முதல் 1947 வரை அச்சிடப்பட்ட காலணாவின் நடுவே பெரிய துளை இருந்தது. உலகப் போரினால் உலோகம் அரிதாயிற்று; துளையிட்டதால் செம்பு மிச்சமாயிற்று. மக்கள் அதனை ‘ஓட்டைக் காலணா’ என்றனர். 1957 ஏப்ரல் முதல் நாள், ரூபாய் நூறு நயா பைசாவாகப் பகுக்கப்பட்டது. பழைய ஓரணாவுக்கு ஆறேகால் நயா பைசா என்பது கணக்கு. கால் பைசாவுக்குக் காசு ஏது? கடைக்காரர் பாடும் வாங்குவோர் பாடும் திண்டாட்டமாயிற்று. ‘நயா’ என்னும் அடைமொழி 1964-இல் நீங்கியது.

கிணறு தோண்டும்போதோ உழும்போதோ பழங்காசு கிடைத்தால், அது கண்டெடுத்தவர்க்கே உரியதன்று. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சித்தலைவருக்கு அறிவித்தல் வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். அவ்வாறு வந்து சேர்ந்த காசுகள் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன.