ஸ்ரீவைஷ்ணவ ரக்ஷை: ஆவணம் காத்தலும் கைங்கர்யமே

உத்ஸவ சேவைக்கு எழுந்தருளியுள்ள பாகவதர்களுக்கு அடியேனின் விண்ணப்பம்.

பெருமாள் திருக்கோயில் கல்வெட்டுகள் பலவற்றின் ஈற்றில் "ஸ்ரீவைஷ்ணவ ரக்ஷை" என்னும் தொடர் காணப்படும். தர்மம் செய்தவன் அதன் காவலை அரசனிடம் மட்டும் விட்டுவிடாது, அடியார் திருக்கூட்டத்திடமும் ஒப்படைத்தான் என்பது இதன் கருத்து. அக்காவலை நாம் எங்ஙனம் நிறைவேற்றுவது?

நந்தாவிளக்குக்கு அளித்த ஆடுகளைச் "சாவா மூவாப் பேராடு" என்று கல்வெட்டுகள் கூறும். ஆடு சாகாதோ எனின், சாகும். ஈன்ற குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கை குறையாது நிரப்பப்படும். ஆவணத்தின் நியதியும் அதுவே. ஓலை மடியும், எடுத்த படி நிலைக்கும்.

நமது கரிசற்சீமையில் மழைக்குப் பஞ்சம் உண்டு, கரையானுக்குப் பஞ்சமில்லை. அடியேன் அறிந்த ஒரு சிறு சந்நிதியில் ஓலைக்கட்டு பெட்டியோடு மண்ணாயிற்று. விளக்குக்கு நிலம் உண்டு என்ற முதியோர் வார்த்தை மட்டும் எஞ்சியது. எந்த நிலம் என்று சொல்வாரில்லை.

இத்தகைய நிலையில் நாடத்தக்க இடம், 1909-ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில் அமைந்து, 1973 முதல் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என வழங்கும் நிலையமாம். கும்பினியார் காலந்தொட்டுள்ள அரசாங்கப் பதிவுகள் அங்குப் பேணப்படுகின்றன. 1858-இல் ஏற்பட்ட இனாம் கமிஷன், மானியங்களை விசாரித்துப் பதிவேடுகள் எழுதியது. ஊர், நிலத்தின் பரப்பு, மானியத்தின் நோக்கம், அனுபவிப்பவர் முதலிய விவரங்களை அவற்றிற் காணலாம். கோயிலுக்குரியது "தேவதாயம்" எனப்படும்.

தேடுவோர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் இன்று விருதுநகர் மாவட்டத்தின; அம்மாவட்டம் பிறந்தது 1985-இல். அதற்குமுன் இவை இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. அதுவும் 1910-இல் உண்டானதே. அதற்கும் முன்னர் மதுரை ஜில்லா. ஆதலால் இனாம் கமிஷன் காலத்துப் பதிவை மதுரையின் பெயரிலேயே தேடுதல் முறை.

ஏடு தானே விளக்கேற்றாது என்பது மெய்யே. ஆயினும் ஏடு இல்லையேல், "விளக்குக்குரிய நிலம் எங்கே?" என்று கேட்கும் வாயும் அடைபடும்.

ஆதலின், சேவித்துத் தத்தம் ஊர் திரும்புவோர் அவ்வூர்க் கோயிலின் பழம் பத்திரங்களைப் பார்வையிடுக. ஒவ்வொன்றுக்கும் இரு படிகள் எடுத்து, ஒன்றைக் கோயிலிலும் மற்றொன்றை வேறிடத்திலும் வைத்திடுக. கல்லில் எழுதியவன் நம்மை நம்பியே எழுதினான்.

சுபமஸ்து.