கல்விப் படிவங்களில் வழங்கும் ஆங்கிலச் சொற்கள்

பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகம் என்று எழுதுகிறோம்; பேசும்போதோ ஸ்கூல், காலேஜ், யுனிவர்சிட்டி என்கிறோம். இதில் குற்றம் ஒன்றும் இல்லை. பள்ளி என்னும் சொல்லே முற்காலத்தில் அருக முனிவர் உறைந்த இடத்தைக் குறித்தது. பின்னரே சிறுவர் பயிலும் இடத்துக்குப் பெயராயிற்று. சொற்கள் பொருள் மாறுவது உலக இயல்பு. ஆனால் ஓர் ஆங்கிலச் சொல்லை நாம் ஒரு பொருளில் வழங்க, படிவத்தை அச்சிட்டவர் வேறொரு பொருளில் வழங்குவாராயின் அங்கே இடர் நேர்கிறது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் பிள்ளைகளின் பெற்றோர்க்கே இவ்விடர் மிகுதி. அவர்களை எண்ணியே இப்பாடத்தை எழுதுகிறேன்.

முதலில் டியூஷன் என்னும் சொல்லைக் காண்போம். நம் ஊர்களில் அது மாலை வேளையில் தனியே பணம் கொடுத்துப் பயிலும் வகுப்பு. ஆங்கிலத்தில் அதன் அடிப்படைப் பொருள் கற்பித்தல் என்பதே. ஆகவே கல்லூரிப் படிவத்தில் டியூஷன் ஃபீஸ் என்று இருந்தால் அது கற்பிப்புக் கட்டணம். விடுதிக் கட்டணம், பேருந்துக் கட்டணம், தேர்வுக் கட்டணம் முதலியவை அதனுள் அடங்கா.

இச்சொல்லின் விலை எவ்வளவு என்பதை 2012இல் கண்டேன். குடும்பத்தில் முதலில் பட்டம் பயில வருவோர்க்கு, ஒற்றைச் சாளர முறையில் தொழிற்கல்வியில் இடம் பெற்றால், டியூஷன் ஃபீஸில் சலுகை வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2010-11 கல்வியாண்டில் கொண்டுவந்தது. சிறுமுகைப் பக்கத்து நெசவாளர் ஒருவர் தம் மகளின் தாள்களைக் காட்ட என் இல்லத்துக்கு வந்தார். முழுக் கட்டணத்துக்கும் கடன் பேசி முடித்திருந்தார். முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கவில்லையா என்று வினவினேன். “அது டியூஷனுக்குத்தானுங்களே டீச்சர்? பாப்பா எந்த டியூஷனுக்கும் போகலீங்க” என்றார். அவர் பேரில் பிழை யாதும் இல்லை. சொல்லைத் தாம் அறிந்தபடியே படித்தார். சான்றிதழை ஒப்படைக்க இன்னும் நான்கு நாட்கள் இருந்தமையால் அன்றே அவரை வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். சலுகை கிடைத்தது.

அடுத்தது கவுன்சிலிங். ஆங்கிலத்தில் இது அறிவுரை கூறி மனத்தைத் தெளிவிப்பது. தமிழ்நாட்டிலோ மதிப்பெண் தரவரிசைப்படி கல்லூரி இடங்களைப் பகிர்ந்தளிக்கும் முறை; கலந்தாய்வு என்று தமிழாக்கம் செய்துள்ளனர். அறிவுரை கூற யாரோ இருப்பர் என்று எண்ணிப் போகலாகாது. தெரிவு செய்வது முழுதும் மாணவர் பொறுப்பு. பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடைபெறத் தொடங்கியபின், முன்பு மேசைக்கு அப்பால் இருந்து விளக்கம் சொன்ன அலுவலரும் எதிரில் இல்லை. திரையில் தோன்றும் சொற்களே வழிகாட்டி.

அவற்றுள் டென்டேட்டிவ் அலாட்மென்ட் என்பது உத்தேச ஒதுக்கீடு. இந்தக் கல்லூரி உமக்குக் கிடைக்கக்கூடும், சம்மதமா என்று கேட்பதாகும். குறித்த நாட்களுக்குள் சம்மதம் தெரிவித்தாலன்றி இடம் நமதாகாது. சம்மதித்த பின்னர் வருவது ப்ரொவிஷனல் அலாட்மென்ட். சான்றிதழ்களைச் சரிபார்த்தலுக்கு உட்பட்ட ஒதுக்கீடு. முதலாவதைக் கண்டதும் இடம் கிடைத்துவிட்டதென்று இனிப்பு வழங்கிவிட்டு வாளாவிருத்தல் கூடாது.

இதே ப்ரொவிஷனல் என்னும் சொல் பட்டம் முடித்தபின் மீண்டும் வரும். பட்டமளிப்பு விழா நடக்கும்வரை பயன்படுத்தத் தருவது ப்ரொவிஷனல் சர்டிபிகேட். தற்காலிகச் சான்றிதழ் என்னும் தமிழ்ப் பெயரைக் கண்டு அதனை மதிப்பற்றதென்று கருதுவோர் உளர். பட்டத் தகுதி பெற்றுவிட்டார் என்பதற்கு அதுவே சான்று.

கல்லூரியின் வகையைக் குறிக்கும் சொற்களைக் கோவையைக் கொண்டே விளக்கலாம். பாரதியார் பல்கலைக்கழகம் 1982இல் தோன்றியது. அதற்கு முன் இங்குள்ள கலைக் கல்லூரிகளில் பயின்றோர் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டமே பெற்றனர். ஒரு பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டம், தேர்வு, பட்டம் ஆகியவற்றின் கீழ் இயங்குவது அஃபிலியேட்டட் காலேஜ், அதாவது இணைவுபெற்ற கல்லூரி. அட்டானமஸ் என்பது தன்னாட்சி. பாடத்திட்டமும் தேர்வும் கல்லூரியினுடையவை, பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தினுடையது. 1852இல் பள்ளியாகத் தொடங்கி வளர்ந்த நம் அரசு கலைக் கல்லூரி இவ்வகையினது. தன்னாட்சி என்றவுடன் தனியார் என்று கொள்வோர் இதனை நினைவிற் கொள்க. டீம்ட் யுனிவர்சிட்டி என்பது நிகர்நிலைப் பல்கலைக்கழகம். பட்டத்தைத் தானே வழங்கும். 1957இல் மகளிர் கல்லூரியாகத் தொடங்கிய அவினாசிலிங்கம் நிறுவனம் 1988இல் இந்நிலையை எய்திற்று.

எய்டட் என்னும் சிறு சொல்லைப் பலர் கவனிப்பதில்லை. அரசிடமிருந்து ஆசிரியர் ஊதியத்துக்கு நிதி பெற்றுத் தனியார் நிர்வாகத்தில் நடப்பது எய்டட் ஸ்கூல், அரசு உதவிபெறும் பள்ளி. அது அரசுப் பள்ளி அன்று. 2020இல் மருத்துவப் படிப்புக்கும் 2021இல் பொறியியல், வேளாண்மை முதலிய படிப்புகளுக்கும் 7.5 விழுக்காடு இடங்களை அரசுப் பள்ளி மாணவர்க்கென ஒதுக்கியபோது, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் அதில் சேர்க்கப்படவில்லை. கட்டணமின்றிப் பயின்ற அவர்களுட் பலர் தம்மை அரசுப் பள்ளி மாணவரென்றே எண்ணியிருந்தனர். விதி சரியா என்பது வேறு வினா. எனக்கு அதில் மனக்குறை உண்டு. படிவத்தில் எந்தக் கட்டத்தில் குறியிடுவது என்பதைத் தலைமையாசிரியரிடம் கேட்டே எழுதுதல் நன்று.

பேச்சலர் என்னும் சொல்லுக்கு மணமாகாத ஆடவன் என்றும் பொருள் உண்டு. பேரன் பேத்தி கண்ட பாட்டியும் பேச்சலர் ஆஃப் ஆர்ட்ஸ்தான்! இளங்கலை, முதுகலை என்னும் தமிழ்ப் பெயர்களில் இந்தக் குழப்பம் இல்லை. ஆசிரியப் பயிற்சியில் பி.டி. பட்டம் மறைந்து பி.எட். வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆயின. பட்டதாரி ஆசிரியர் பதவிக்கு மட்டும் பி.டி. அசிஸ்டென்ட் என்னும் பெயர் நிலைத்துவிட்டது.

அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதும் பிள்ளைகளுக்கு இரண்டு சொற்கள். படிப்பை முடித்தேன் என்பதற்கு பாஸ்டு அவுட் என்று எழுதற்க. பயிற்சி முடிக்கும் படைவீரர்க்கன்றி ஏனையோர்க்கு அது மயங்கி விழுந்தேன் என்றே பொருள்படும். கிராஜுவேட்டட் என்று எழுதுக. தந்தை பள்ளித் தாளாளராயின் கரெஸ்பாண்டென்ட் என்று மட்டும் எழுதி நிறுத்தற்க. கல்வித்துறையோடு கடிதப் போக்குவரத்து நடத்தும் பொறுப்பினர் என்ற வகையில் நம் நாட்டில் அப்பெயர் வந்தது. அங்குள்ளோர் அவரைச் செய்தித்தாள் நிருபரென்று கொள்வர்.