பெருமுக்கல்: மலையே சொல்லும் ஊர் வரலாறு

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் மரக்காணம் பேருந்தில் ஏறுங்கள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் பெருமுக்கல். விடியற்காலையில் கிளம்பிவிடுவது நல்லது. வெயில் ஏறினால் பாறை காலைச் சுடும். தலைக்கு ஒரு துண்டு, போதுமான தண்ணீர், வழுக்காத செருப்பு அவசியம்.

பழைய வழிகளில் ஊர்ப்பெயரே முதல் அடையாளப் பலகை. புளியமரங்களைக் குறிக்கும் திந்திரிணி வனம்தான் திண்டிவனம் ஆனது. அதையொட்டிய ‘கிடங்கில்’ என்னும் இடம், சங்க நூலான சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடனின் ஊர். நீங்கள் போகும் வழி முழுக்க அவன் ஆண்ட ஓய்மாநாடு.

குன்றின் மேல் முக்தியாலீஸ்வரர் கோயில். ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் அதை முழுவதும் இங்கேயே செலவிடுங்கள். கருவறையைச் சுற்றிக் குனிந்து நடந்தால் சோழர் காலக் கல்வெட்டுகள் கண்ணில் படும். 1118இல் பட்டமேறிய விக்கிரம சோழன் காலத்தவையும் அவற்றில் உண்டு. உச்சிவெயிலில் எழுத்து தெரியாது. சாய்வெயில் பக்கவாட்டில் விழும்போதுதான் ஒவ்வொரு கீறலுக்கும் நிழல் கட்டி எழுத்து எழுந்து நிற்கும். ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்ற கிரந்தத் தொடக்கம் தென்படுகிறதா என்று பாருங்கள். மெய்யெழுத்தின் தலையில் புள்ளி பெரும்பாலும் இருக்காது; ‘க’வா ‘க்’கா என்பதை நாமே கூட்டிப் படிக்க வேண்டும். ‘கோப்பரகேசரி’ என்ற சோழர் பட்டப்பெயர் பிடிபட்டால் போதும், மற்றது மெல்ல வழிவிடும். சுண்ணாம்போ சாக்பீஸோ பூசிப் படிக்காதீர்கள். மூலையில் வரி முடிந்துவிட்டதாக நினைத்து நிற்கவும் வேண்டாம். திரும்பிய பக்கத்திலும் அது தொடரலாம்.

வால்மீகி ஆசிரமம் இங்கேதான் இருந்தது, லவனும் குசனும் இங்கே பிறந்தார்கள் என்பது ஊரார் நம்பிக்கை. சீதை குகை என்று ஒன்றைக் காட்டுவார்கள். மலையில் கல்வெட்டுக்கும் மிக முந்தைய பாறைக் கீறல்களும் இருக்கின்றன. விரலால் தேய்த்துப் பார்க்கத் தோன்றும்; தயவுசெய்து கையை எடுத்துக்கொள்ளுங்கள்.

மலைமேல் இருந்த பழைய கோட்டையின் சுவர் மிச்சங்களைப் பார்க்கும்போது புதுச்சேரி எந்தத் திக்கில் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் குன்றுக்காகச் சண்டை நடந்ததன் காரணம் அந்தத் திக்கில்தான். 1760 ஜனவரி 22இல் வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலியைத் தோற்கடித்த ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், புதுச்சேரியை நெருங்கும் வழியில் இந்தக் கோட்டையைத் தாக்கிப் பிடித்தார். அந்தத் தாக்குதலில் அவரே காயம்பட்டார். மறு ஆண்டு ஜனவரியில் புதுச்சேரி சரணடைந்தது. 1782இல் ஹைதர் அலியும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து கோட்டையை மீட்டார்கள். ஆங்கிலேயர் எழுதிய பழைய புத்தகங்களில் இதைத் தேடினால் ‘பெர்மக்கோயில்’ என்ற பெயரில் தேடுங்கள். அந்த உச்சரிப்புக்குள் நம் ஊர் ஒளிந்திருப்பது தெரியாமல் பக்கங்களைப் புரட்டிப் போனவர்கள் பலர்.

திண்டிவனம் வட்டாரக் குன்றுகள் பலவற்றில் கல் உடைக்கிறார்கள். ஜல்லியாகப் போன பாறையில் என்ன எழுதியிருந்தது என்பதை இனி யாராலும் படிக்க முடியாது. அதனால் போகும்போது ஒரு பிள்ளையையாவது உடன் அழைத்துப் போய், ஒரு வரியையாவது அவனோ அவளோ எழுத்துக்கூட்டிப் படிக்கும்வரை காத்திருங்கள்.

இறங்கியபின் நேரமிருந்தால் அதே சாலையில் மரக்காணம் வரை போகலாம். அங்கே பூமீஸ்வரர் கோயிலிலும் சோழர் கல்வெட்டுகள் உண்டு; ஊரை ஒட்டி உப்பளங்கள் வெள்ளை வெளேரென்று கிடக்கும்.